ஆறு விரல் பின்னால்

அத்தியாயம் 9

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு மீனம்பாள் பஸ் ஷெட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் கூழ்ச் சட்டி. இன்னொரு கையில், மல்லாட்டைத் தோலை, அதாவது நிலக்கடலைத் தோலை, அடைத்துத் தைத்த சாக்குத் திண்டு. கூழ் புருஷனுக்கு. திண்டு அவளுடைய அவமானம். அதை வீட்டில் விட்டு வந்தால் பக்கத்து வீட்டுக்காரிகள் பார்த்து இது என்ன என்று கேட்பார்கள் என்பதற்காகவே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

என்ன அவமானம் என்று போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். விட்டுப் போனவர்களுக்காக நடந்ததை ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போகலாம்.

அவள் புருஷன் தனகோட்டி ஆறடி மூன்று அங்குலம். செஞ்சிக் கடைத்தெருவில் அவனோடு பேசுகிறவர்கள் முதலில் கழுத்தை நிமிர்த்திக்கொள்வார்கள். பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லை வரைக்கும் லாரி ஓட்டிவிட்டு, சண்டை ஓய்ந்ததும் ஊர் திரும்பியவன். பெட்ரோலுக்குப் பதிலாகப் பின்னால் கரி அடுப்பு வைத்து ஓடுகிற இராமச்சந்திரன் முதலாளியின் கரி பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்தது. காலையில் செஞ்சியிலிருந்து வல்லம் வழியாகத் திண்டிவனம், சாயந்திரம் அதே வழியில் திரும்பல். அவன் பரம்பரையில் மாட்டைத் தவிர வேறொன்றை ஓட்டிய முதல் ஆள் அவன்தான்.

பஸ்ஸுக்கு பாடி கட்டியபோது பழைய டிரைவரை உட்கார வைத்து அளவெடுத்திருந்தார்கள். அந்த மனுஷர் மீனம்பாளின் தோளுக்குத்தான் வருவார். தனகோட்டி உட்கார்ந்ததும் தலை கூரையில் இடித்தது. முதலாளி பெரிய மனசு பண்ணி சீட்டின் கால்களை மூன்று அங்குலம் அறுத்துவிட்டார். தலை தப்பித்தது. முட்டி இரண்டும் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டன. நெட்டை ஆளுக்குத் தலை மட்டும் இருக்கிறது, கால் இல்லை என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

பத்து நாளைக்கு முன்னால் வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. பிரேக்கை மிதிக்கப் போன கால் முட்டியோடு சிக்கிக்கொண்டது. மாடுகள் பிழைத்தன. நுகத்தடி ஒடிந்தது, பஸ்ஸின் மட்கார்டு நசுங்கியது. முதலாளி ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை திண்டிவனத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சோதிக்கிறார். அதில் ஒரு குறை வந்தால் தனகோட்டி சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியது. வேறு ஆள் தயாராக இருக்கிறான், அளவான ஆள்.

அளவான ஆள் என்ற அந்த வார்த்தைதான் மீனம்பாளுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புருஷனை வீட்டுக்குள் சாக்கு மேல் உட்கார வைத்தாள். கையில் முறத்தைக் கொடுத்து ஸ்டியரிங் என்றாள். காலுக்கு மூன்று செங்கல்லை வைத்து கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் என்றாள். சாக்கை முன்னே இழுத்தாள், பின்னே தள்ளினாள், முன்பக்கம் கொஞ்சம் தூக்கினாள். அவன் முறத்தைத் திருப்பிக்கொண்டே சிரித்தான். ஒரு இடத்தில் சிரிப்பு நின்றது. "இங்கதான்" என்றான். "இங்க உக்காந்தா முட்டி இடிக்கல." அவள் சணல் கயிற்றை எடுத்து, முதுகிலிருந்து செங்கல் வரைக்கும் ஒரு முடிச்சு, முறம் வரைக்கும் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டாள்.

பஸ்ஸில் வைத்துப் பார்த்தபோது முடிச்சு சொன்ன கணக்கு இதுதான்: சீட்டு ஆறு விரல் பின்னால் போக வேண்டும், முன் விளிம்பு இரண்டு விரல் உயர வேண்டும், மெத்தை மெல்லிசாக இருக்க வேண்டும். தரைப் பலகையில் புதிதாக நாலு துளை போட்டு, பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் கற்ற கையால் தனகோட்டி போல்ட்டை முடுக்கினான். முன் விளிம்புக்கு அடியில் புளியங்கட்டை கொடுத்தான். மெத்தை மீனம்பாளின் வேலை. மண்டியில் மல்லாட்டை மூட்டை தைக்கிறவள் அவள். விரல் நுழையாத அளவுக்கு அடைத்துத் தைத்தால்தான் மண்டியில் ஒப்புக்கொள்வார்கள். பழக்க தோஷத்தில் மெத்தையையும் அப்படியே அடைத்துவிட்டாள். தனகோட்டி அதில் உட்கார்ந்ததும் தலை மறுபடியும் கூரையில் இடித்தது. பாறாங்கல் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்குது என்றும் சொல்லிவிட்டான். அப்புறம் தேங்காய் நாரை உதறிப் பரப்பி, தளரத் தளரத் தைத்து வேறொன்று செய்தாள். அவள் இடுப்பில் அணைத்து வைத்திருந்தது அந்த முதல் பாறாங்கல்தான்.

இப்போது ஷெட்டுக்குள் போவோம். முதலாளி சீட்டைப் பார்த்துவிட்டார்.

இராமச்சந்திரன் முதலாளி கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்களிடம் வேலை செய்வது கெட்டவர்களிடம் வேலை செய்வதை விடக் கஷ்டம். அவர் சீட்டைப் பார்க்கவில்லை, சீட்டுக்குப் பின்னாலிருந்த பெஞ்சைப் பார்த்தார். டிரைவருக்கு நேர் பின்னால் உள்ள அந்த பெஞ்சு வல்லத்துப் பண்ணையாருடையது. எழுதி வைத்ததில்லை, ஆனாலும் திங்கட்கிழமை தோறும் அவர் கோர்ட்டுக்குப் போகிறபோது வேறு யாரும் அதில் உட்காருவதில்லை. அவர் காலை நீட்டி டிரைவர் சீட்டின் முதுகில் வைத்துக்கொண்டுதான் வருவார். ஆறு விரல் போனதும் காலை மடக்கித்தான் உட்கார முடியும்.

அவர் காலை எங்கே வைப்பார் என்று முதலாளி கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். தனகோட்டி கையைத் துடைத்தபடி தரையைப் பார்த்தான். பட்டாளத்தில் வெள்ளைக்காரனுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றவன் செஞ்சியில் மட்டும் தரையைப் பார்க்கிறானே என்று மீனம்பாளுக்கு ஆத்திரம் வந்தது.

"மொதலாளி, பிரேக்க மிதிக்கிறது இவரா, பண்ணையாரா?" என்றாள்.

பொம்பளை வாயை அடக்கு என்று முதலாளி தனகோட்டியிடம் சொன்னார். தனகோட்டி தலையைத் தூக்கினான்.

"அது கேக்குறது நியாயந்தாங்க மொதலாளி. போன தடவ மாடு தப்பிச்சிது. அடுத்த தடவ ஆளா இருந்தா நான் இன்னா செய்யறது?"

பின்னால் கரி அடுப்பு பற்றிக் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. ஏழு மணிக்குக் கிளப்ப வேண்டிய வண்டி. போல்ட்டைக் கழற்றி மறுபடி முடுக்க ஒரு மணி நேரமாகும், அதற்குள் இன்ஸ்பெக்டர் நேரம் தப்பிவிடும். முதலாளி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, இன்றைக்கு ஓட்டு, சாயந்திரம் சாவியோடு வந்து என்னைப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மீனம்பாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு பொம்பளைகள் வரிசையில் உட்கார்ந்தாள். மண்டிக்கு இன்றைக்கு வரமாட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள். பஸ் ராஜகிரி மலையைப் பின்னால் விட்டுத் திண்டிவனம் ரோட்டில் ஏறியது. அவள் புருஷனின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். இத்தனை மாசமாக அந்த முதுகு கூன் விழுந்த மாதிரி வளைந்து, கழுத்து முன்னால் நீண்டு, ராத்திரி வீட்டுக்கு வந்தால் தைலம் தேய்க்காமல் படுக்க முடியாதபடி இருந்தது. இன்றைக்கு நேராக இருந்தது. முட்டி மடங்கி விரிந்தபோது எதிலும் இடிக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிடப் போகிறாள் என்று கரிப் புகையைத் திட்டினாள்.

வல்லத்தில் பண்ணையார் நின்றிருந்தார். பின்னால் தகரப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு இளையபெருமாள் நின்றிருந்தார். தனகோட்டியின் அப்பா. நாற்பது வருஷமாகப் பண்ணையார் வீட்டுப் படியாள். மகனோடு வந்து செஞ்சியில் இருங்கள் என்று மீனம்பாள் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். விசேஷ நாளில் வந்து ஒரு நாள் தங்குவார், விடியுமுன் திரும்பிப் போய்விடுவார். அங்கே வேலை இருக்குது என்பார். அவர் குனிந்து நடப்பது வயதினால் என்று ஊரில் நினைத்தார்கள். வாலிபத்திலேயே அப்படித்தான் நடந்தார் என்று அவர் பெண்டாட்டி பவுனம்மாள் செத்துப்போகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பண்ணையார் ஏறி பெஞ்சில் உட்கார்ந்தார். இளையபெருமாள் பெட்டியை அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிக் கீழே நின்றார். பண்ணையார் வழக்கம்போலக் காலை நீட்டினார். முழங்கால் பலகையில் மோதியது. குனிந்து பார்த்தார். என்ன நடந்திருக்கிறது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் கைத்தடியால் தனகோட்டியின் முதுகில் தட்டினார்.

"டேய். சீட்ட முன்னாடி தள்ளு."

"தள்ள முடியாதுங்க ஐயா. போல்ட்டு போட்டிருக்குது."

பஸ்ஸில் பேச்சு அடங்கியது. போல்ட்டு விஷயத்துக்காக இல்லை. இளையபெருமாள் மகன் பண்ணையாரை, படியாட்கள் கூப்பிடுகிறபடி 'ஆண்டே' என்று கூப்பிடாமல் 'ஐயா' என்று கூப்பிட்டுவிட்டான். கடைசி வரிசை வரைக்கும் அது கேட்டது.

பண்ணையாருக்கும் கேட்டது. உன் அப்பன் என் முன்னால் நிமிர்ந்து நின்றதில்லை, நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொல்கிறாயா என்றார்.

"டிரைவரு முதுகக் காட்டித்தான் ஓட்டணும்" என்றான் தனகோட்டி. குரலை உயர்த்தவில்லை. "காலு நீட்டணும்னா பின்னாடி சீட்டு காலியா இருக்குது."

மீனம்பாள் திண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் இன்னும் ஒரு வார்த்தை சொன்னாலும் நல்லது என்றும் இருந்தது.

பண்ணையார் அவனோடு பேசுவதை விட்டுவிட்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இளையபெருமாளைக் கூப்பிட்டார். டூல் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, உன் மகன் போட்ட போல்ட்டை நீயே கழற்று என்றார்.

இதுதான் மீனம்பாள் பயந்தது. மாமனார் கழற்றிவிடுவார். வெயிலில் நில் என்றால் நின்றவர், ஏரியில் இறங்கு என்றால் இறங்கியவர். அவர் கழற்றினால் தனகோட்டி தடுக்க மாட்டான். அப்பனின் கையைப் பிடித்துத் தள்ளுகிற மகன் இல்லை அவன். எல்லாம் இந்தப் படிக்கட்டிலேயே முடிந்துவிடும்.

இளையபெருமாள் ஏறி வந்தார். டூல் பெட்டி பக்கம் போகவில்லை. மகனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். தலை கூரையில் இடிக்காததைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், புளியங்கட்டையைப் பார்த்தார். அவன் வண்டி ஓட்டுகிறான் என்று ஊரெல்லாம் சொல்லக் கேட்டிருந்தாரே தவிர, பெட்டியை வைக்க ஏறும்போதுகூடக் குனிந்த தலையை நிமிர்த்தி, அந்த சீட்டில் அவன் உட்கார்ந்திருப்பதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

பிறகு பெஞ்சிலிருந்த தகரப் பெட்டியைத் தூக்கினார். தலையில் வைக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டு ஜனங்களுக்கு நடுவே நடந்தார். கரி அடுப்பின் சூடு அடிக்கிற கடைசி வரிசையில் கொண்டுபோய் வைத்தார்.

"பொட்டிய பின்னாடி வச்சிட்டேன் ஆண்டே" என்றார். "அங்க காலு நீட்ட எடம் இருக்குது."

யாரோ ஒரு பொம்பளை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பண்ணையார் எழுந்து இறங்கினார். பெட்டியை இறக்கு என்று கத்தினார். இளையபெருமாள் அசையவில்லை, கண்டக்டர்தான் ஓடிப்போய் இறக்கிக் கொடுத்தான். இளையபெருமாள் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கண்டக்டரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். கண்டக்டர் ஒருமுறைக்கு இரண்டு முறை கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். பஸ் புறப்பட்டது. முன் பெஞ்சு காலியாக இருந்தது. கிழவர் அதில் உட்காரவில்லை. திண்டிவனம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகனுக்குப் பின்னாலேயே நின்றார்.

ஒரு மலை ஏறியாயிற்று என்று மீனம்பாள் மூச்சு விட்டாள். திண்டிவனத்தில் இன்னொன்று காத்திருந்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர் காக்கி அரைக்கால் சட்டை போட்ட குள்ளமான மனுஷர். டயரைத் தட்டினார், விளக்கைப் பார்த்தார், கரி அடுப்பின் குழாயைத் தடவினார். பிறகு தானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டினார். பூட்ஸ் முனை பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் ஆடியது. விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார், வழுக்கியது.

தனகோட்டியின் முகம் செத்துப்போயிற்று. அவனுக்காக அளவெடுத்தார்கள், அவனுக்கு மட்டுமே அளவெடுத்தார்கள். பாடி கட்டியவர்கள் குட்டைக்குச் செய்த அதே தப்பை இவர்கள் நெட்டைக்குச் செய்திருந்தார்கள். நான் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டு இறங்கப் போனார்.

மீனம்பாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பாறாங்கல் திண்டை நீட்டினாள்.

"இத முதுவுக்கு வச்சிக்கினு பாருங்க சாமி. அமுங்காது."

அவர் அவளையும் திண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்தார். மண்டிக்காரர்கள் ஒப்புக்கொள்கிற மாதிரி அடைத்த மூட்டை, துளிகூட அமுங்கவில்லை. அவர் உடம்பு முன்னால் வந்தது. பூட்ஸ் பிரேக்கில் முழுசாகப் பதிந்தது. மைதானத்தை இரண்டு சுற்று ஓட்டி, சுண்ணாம்புக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்புறம் திண்டை எடுத்துவிட்டு, ஜனங்களை ஏற்றிக்கொண்டு தனகோட்டியை வேகமாக ஓட்டச் சொன்னார். நடுவில் திடீரென்று நிறுத்து என்று கையைக் காட்டினார். பஸ் கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றது.

சீட்டை யார் மாற்றியது என்று கேட்டார். நான்தான் என்றான் தனகோட்டி. அளவெடுத்தது என் பெண்டாட்டி என்றும் சொன்னான். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போடாமல் கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்தார்.

"போன வருஷமும் இதே வண்டிக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். "டிரைவர் முட்டியைப் பார்க்கணும்னு எனக்குத் தோணல."

போட்டுக் கொடுத்தார். கூடவே, இந்தத் திண்டு இனி எப்போதும் வண்டியிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லி அதையும் எழுதிவிட்டார். அவமானம் என்று இடுப்பில் மறைத்து வைத்திருந்தது சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்டது. மீனம்பாளுக்குச் சிரிப்பும் வந்தது, நல்ல சாக்கு ஒன்று போயிற்றே என்றும் இருந்தது.

முதலாளியிடம் காட்டக் கையில் காகிதம் இருந்தது. பண்ணையார் இதற்குள் செஞ்சிக்கு ஆள் அனுப்பியிருப்பார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. முதலாளி இரண்டில் எதற்குப் பயப்படுவார் என்று யாரும் பந்தயம் கட்டத் தயாராக இல்லை.

சாயந்திரம் பஸ் திரும்பியபோது மீனம்பாள் மாமனாரைக் கையைப் பிடித்து முன் பெஞ்சில் உட்கார வைத்தாள். வேணாம்மா என்றார். அப்புறம் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் முட்டி மகனின் சீட்டில் இடித்தது. அவள் அப்போதுதான் கவனித்தாள். கிழவரும் ஆறடி ஆள்தான். நாற்பது வருஷமாக அது வல்லத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அவர் காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வல்லத்து வளைவு வந்தது. திரும்பியதும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மாட்டு வண்டி, மாடு அவிழ்த்து விடப்பட்டு, நுகத்தடி தரையில் கிடந்தது. இது தப்பி வந்த வண்டி இல்லை. கொண்டுவந்து நிறுத்திய வண்டி.

தனகோட்டியின் முட்டி மேலே வந்தது. எதிலும் சிக்கவில்லை. பஸ் முழுக்க முன்னால் குலுங்கி, வண்டிச் சக்கரத்துக்கு இரண்டு முழம் இந்தப் பக்கம் நின்றது. ஒருத்தருக்கும் அடிபடவில்லை.

ஓரத்து மரத்தடியில் நாலு ஆட்களோடு நின்றிருந்த பண்ணையார் நடந்து வந்தார். தனகோட்டியைப் பார்க்கவில்லை. முன் பெஞ்சு ஜன்னலுக்கு நேராக வந்து நின்றார். தன் பெஞ்சில் யார் உட்கார்ந்திருப்பது என்று பார்த்தார்.

"இளையபெருமாளு. எறங்கு."

மாமனார் எழுந்துவிடுவார் என்றுதான் மீனம்பாள் நினைத்தாள். நாற்பது வருஷப் பழக்கம். அவர் கை முன்னால் போனது. சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழப் போகிறார்.

பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையில் வாங்கியதிலிருந்து உள்ளங்கையிலேயே வைத்திருந்த, வேர்வையில் நனைந்துபோன காகிதத்தை விரித்து ஜன்னலுக்கு வெளியே காட்டினார்.

"போக வர டிக்கெட் வாங்கியிருக்குறேங்க ஐயா. செஞ்சி வரைக்கும்."

தனகோட்டி ஹாரனை அமுக்கினான்.